நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவரின் மேல்முறையீடு

போன மாதம் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, சிகாமட் தொழிற்சங்கக் கிளையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். மனநோயால் வேலை செய்ய முடியாமல் போன ஒருவர் இயலாமை ஓய்வூதியம் கேட்டிருக்கிறார், மறுத்துவிட்டார்கள், மேல்முறையீடு எழுத வேண்டும் என்றாள். "நீங்க முன்ன ஒண்ணு செஞ்சீங்கன்னு சொன்னாங்கக்கா. ஃபைலைத் தேடிப் பாத்தேன். வெள்ளத்துல நனைஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிக்கிச்சு. பிரிச்சா கிழியுது. எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் கொடுங்களேன்."

இப்போது விண்ணப்பமெல்லாம் கணினி வழியாகப் போகிறது. நான் எழுதி என்ன ஆகப்போகிறது என்று முதலில் தோன்றியது. பிறகு, நான் வழக்கு நடத்தியவரின் மனைவி, பாலோவில் இருக்கும் சரோஜாவைக் கூப்பிட்டு எழுதலாமா என்று கேட்டேன். பெயரை மாற்றி எழுதுங்கள் என்று சொன்னாள். மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நான் சங்கத்தில் தட்டச்சராகத்தான் சேர்ந்தேன். மலாயில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காக, இரண்டு வருடத்தில் விபத்து, நோய் தொடர்பான விண்ணப்பங்களை என்னிடம் தள்ளிவிட்டார்கள். கிளைச் செயலாளர் இராஜரத்தினம்தான் எனக்குத் தொழில் பழக்கியவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் இருந்தவராம். இராஜரத்தினம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் எழுதிய கடிதத்தைப் பென்சிலோடு வாசிப்பார். பிடிக்காத சொல்லின் கீழே மெல்லிய கோடு ஒன்று விழும். 'மிகவும்' என்று எழுதினால் கோடு. 'பரிதாபமான நிலையில்' என்று எழுதினால் இரண்டு கோடு. பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆர் பார்த்தது? எப்ப பார்த்தது?" என்று மட்டும் கேட்பார். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத வாக்கியம் எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகாது.

ஒரே ஒரு முறை அவர் எழுந்து நின்றார். மர ஆலையில் முதுகு ஒடிந்த ஒருவருடைய மேல்முறையீட்டை நான் தபாலில் அனுப்பியிருந்தேன். கெடு முடிந்து இரண்டாம் நாள்தான் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏற்கவில்லை. அந்த மனிதர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, "பரவால்ல தங்கச்சி, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் இறங்கி முடிக்கும்வரை இராஜரத்தினம் நின்றுகொண்டே இருந்தார். அன்றிலிருந்து நான் எதையும் தபாலில் அனுப்பியதில்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, என் பிரதியில் முத்திரை வாங்கிய பிறகுதான் தண்ணீர் குடிப்பேன். மேசை நாட்காட்டியில் கெடு தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு வட்டம் நினைவுக்கு வந்து, கூடையை வைத்துவிட்டு நாட்களை விரல்விட்டு எண்ணுவேன்.

கோவிந்தனின் வழக்கு இதற்கெல்லாம் பிறகு வந்தது. இன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு இருக்கும். பாலோ பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவர் பாய்லர் ஓட்டுநர். இருபது வருடத்துக்கு மேலான வேலை. பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைக் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். தண்ணீர் குறைந்தால் ஆபத்து. அதை அடிக்கடி பார்ப்பது பாய்லர்காரர் கடமை. கோவிந்தன் கடமைக்குப் பார்த்தவர், பிறகு பார்த்துக்கொண்டே இருக்க ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குப் போகமாட்டார். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டார். விடுமுறை நாளிலும் வந்து, வேலையில் இருக்கும் சக பாய்லர்காரர் ஹருனின் தோளுக்குப் பின்னால் நின்று குழாயைப் பார்ப்பார். பார்க்காவிட்டால் வெடித்துவிடும் என்று காதில் யாரோ சொல்வதாக மனைவி சரோஜாவிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு, மாத்திரை, மாதக்கணக்கில் எம்சி என்கிற மருத்துவ விடுப்பு. எம்சி தீர்ந்ததும் ஆலை அவரை நிறுத்திவிட்டது.

இயலாமை ஓய்வூதியத்துக்கான முதல் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். மருத்துவக் குழு முன்னால் ஆஜராகும் தேதி வந்ததும், சரோஜாவிடம் எல்லாருக்கும் சொல்வதையே சொன்னேன். நன்றாக சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுப் போகச் சொல்லுங்கள்; டாக்டர்கள் கேட்கிற கேள்விக்குத் தைரியமாக, தெளிவாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள்; மூக்கைச் சிந்தி அழுதால் நடிக்கிறான் என்று நினைத்துவிடுவார்கள். கைவிரல் போனவர்களுக்கும் கால் போனவர்களுக்கும் இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய புத்திமதி. இவருக்குப் போயிருப்பது விரலா என்று நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வாரம் தகவல் இல்லை. முடிவு வரத் தாமதமாகும் என்பது தெரிந்ததுதான், அதனால் நானும் கேட்கவில்லை. ஒருநாள் காலை ரயிலில் சரோஜா வந்தாள். கையில் மருத்துவமனை கொடுக்கிற பிளாஸ்டிக் பை. அதிலிருந்து நான்காய் எட்டாய் மடித்த ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். விண்ணப்பம் மறுக்கப்பட்டது, நோயாளி நிலையாக இருக்கிறார், வேலை செய்யும் ஆற்றலை இழந்ததாக நிறுவப்படவில்லை. நான் முதலில் பார்த்தது தேதியைத்தான். மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"அவரு சட்டைப் பையிலக்கா. எனக்குத் தெரியாது. வார்டுல சேத்தப்ப கழட்டின துணிய நேத்துதான் கொடுத்தாங்க."

அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. தபால்காரரிடம் கடிதத்தை வாங்கியது கோவிந்தன். வாசித்திருக்கிறார். தமக்கு நோய் ஒன்றுமில்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் ஆலை வாசலுக்குப் போய், எனக்கு உடம்பு சரியாகிவிட்டது, வேலைக்கு விடுங்கள் என்று காவலாளிகளிடம் காட்டியிருக்கிறார். விடவில்லை. ஒரு காலை, செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரியின் மறைவில் உள்ளே நுழைந்து, பாய்லர் அறைக்கு ஓடிப்போய் வால்வைத் திருப்பப் போயிருக்கிறார். ஹருன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து நேராக மருத்துவமனை. மூன்று வாரமாக வார்டில் இருந்தார்.

"முதல் தடவை டாக்டருங்க கேட்டப்ப என்ன சொன்னாரு?"

"நல்லா தூங்குறேன், வேலை செய்ய முடியும்னு சொல்லியிருக்காரு. நீங்க சொன்ன மாதிரியேதான்கா அனுப்பி வச்சேன். குளிக்க வைக்கவே ரெண்டு நாளாச்சு. தெளிவா பேசுங்கன்னு சொல்லிச் சொல்லி அனுப்பினேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. வெளியே போய் அவளுக்குத் தேநீர் வாங்கி வருவதுபோல் மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மேல்முறையீட்டுக் கடிதத்தின் முதல் வடிவத்தை அன்றே எழுதி இராஜரத்தினத்தின் மேசையில் வைத்தேன். எழுபதை நெருங்கியும் சங்கம் அவரை விட்டிருக்கவில்லை. பென்சில் ஒரு வரியில் நின்றது. 'தம் நோயின் தன்மையை உணராததால் விண்ணப்பதாரர் தாம் நலமாக இருப்பதாகக் கூறினார்' என்பது அந்த வரி. கோடு போட்டார்.

"இது முழுக்க உண்மையோ?"

தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு சவரத்திலிருந்து தைரியமாகப் பேசச் சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அதை எழுதும்."

"எழுதினா, சங்க அதிகாரியே பாடம் சொல்லி அனுப்பினாங்கன்னு ஆயிடும் சார். என் வேலை?"

"வேலைக்கு ஒண்டும் வராது எண்டு நான் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது. ஆனா அந்த மனுசன் ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டதுக்குச் சாட்சி நீர்தானே. வேற ஆர் இருக்கினம்?"

இரண்டு நாள் எழுதவில்லை. அந்த இரண்டு நாளும் பதினொன்றிலிருந்து போயின. வீட்டில் மகள் கல்லூரிக்குப் போகும் நேரம்; கணவருக்கு அப்போதுதான் ஆட்குறைப்பு. மூன்றாம் நாள் காலை அலுவலகம் திறந்ததும், என் பெயரையும் பொறுப்பையும் போட்டு, இன்ன தேதியில் இன்னது சொன்னேன், அது கைகால் இழந்தவர்களுக்குச் சொல்லும் அறிவுரை, இவருக்குச் சொல்லியிருக்கக் கூடாது என்று அரைப்பக்கம் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டேன். இராஜரத்தினம் வாசித்தார். ஒரு கோடும் போடவில்லை.

மேல்முறையீட்டை முதலில் ஒரே பக்கமாகக் கொடுத்து முத்திரை வாங்கிவிட வேண்டும். ஆதாரங்களை விசாரணைக்கு முன் சேர்க்கலாம். அது அவர் கற்றுக்கொடுத்த முறை. கெடுவுக்கு ஏழு நாள் இருக்கும்போது கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் உண்மையான வேலை.

மனநலப் பிரிவில் இருந்த இளம் மலாய் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். முதல் அறிக்கையில் அவர் 'மருந்துடன் நிலையாக இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். மருத்துவக் குழு அதையே பிடித்துக்கொண்டது. அவரிடம் கேட்டபோது, நோய் கூடவில்லை என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன், வேலைக்குப் போகலாம் என்று நான் எங்கே சொன்னேன் என்று திகைத்துப்போனார். நோயின் பெயரை மட்டும் எழுதாமல் அவரால் என்னென்ன முடியாது என்பதை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. தாம் பார்க்காத எதையும் எழுதமாட்டேன் என்றார். பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். வார்டு தாதிகளின் குறிப்பேட்டைப் புரட்டி, இரண்டு பக்கம் எழுதித் தந்தார். ஒரு வேலையில் பத்து நிமிடம் நிலைக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாய், சுவிட்ச் எதைக் கண்டாலும் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார். தனியாக விட முடியாது. இயந்திரங்கள் இருக்கும் இடத்தில் தமக்கும் பிறருக்கும் ஆபத்து.

ஹருன் ஓய்வு நாளில் மோட்டார் சைக்கிளில் வந்து தாம் கண்டதைச் சொன்னார். சொல்லி முடித்ததும், தம் நண்பரைக் காட்டிக்கொடுத்ததுபோல் இருக்கிறது என்றார். சரோஜாவை ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, தினமும் நடப்பதை எழுதச் சொன்னேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். நான் மலாயில் மொழிபெயர்த்தேன். 'காலையில் அடுப்பை ஒன்பது முறை மூடினார். நான் சமைக்கவில்லை' என்று ஒரு நாள். 'என்னைப் பார்த்து நீ பத்திரமா இருக்கியா என்று கேட்டார்' என்று ஒரு நாள். மிகவும், பாவம் என்ற சொற்களே அதில் இல்லை. இராஜரத்தினம் நோட்டை என்னிடமிருந்து வாங்கி முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

விசாரணைத் தேதி வர மாதங்களாயின. அந்தக் காத்திருப்பு சரோஜாவையும் என்னையும் அரித்துவிட்டது. வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த கோவிந்தன் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். கொஞ்சம் தேறினார். ஒருநாள் சரோஜா தொலைபேசியில் வெகுநேரம் வேறு எதையோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்.

"நேத்து டிவி பாத்துச் சிரிச்சாருக்கா. அவரு சிரிச்சா எனக்கு பயமா இருக்கு. அங்க போயும் இப்படியே இருந்துட்டா என்ன பண்றது? பொண்டாட்டி நினைக்கிற நினைப்பாக்கா இது?"

எனக்கும் அதே பயம்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

விசாரணை ஜொகூர் பாருவில். வேனில் போகும்போது கோவிந்தன் ஜன்னல் ஓரம் அமைதியாக இருந்தார். இந்த முறை நான் எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. என்ன பேச வேண்டும் என்றும் சொல்லவில்லை. வராந்தாவில் காத்திருந்தபோது அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருப்பதைப் பார்த்தேன். சரோஜாவும் பார்த்தாள். அவள் கை தானாக எழுந்து பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். அப்படியே விட்டால் உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படும். அது நமக்கு நல்லது. அவளும் அதைத்தான் நினைத்தாள்.

"வீட்டுல என்ன செய்வீங்க?"

"போட்டு விடுவேன்."

"அப்ப போட்டு விடுங்க" என்றேன். அவள் சரிசெய்தாள். அவர் குழந்தைபோல் மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

கடிதத்தில் கேட்டிருந்தபடி மனைவியை உள்ளே விட்டார்கள். நானும் வரலாம், பேசக் கூடாது என்றார்கள். மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் வயதான சீனர். அவர் முன்னால் இருந்த தாள்களில் என் அரைப்பக்கம் மேலாக இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், ஓரமாக வைத்துவிட்டார். தூக்கம் எப்படி என்று மலாயில் கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்றார் கோவிந்தன். வேலை செய்ய முடியுமா? முடியும் டாக்டர். சரோஜா தன் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பெரிய டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கு ஆலைக்குப் போகிறாய் என்று வைத்துக்கொள். முதலில் என்ன செய்வாய்?" என்றார்.

கோவிந்தனின் முதுகு நிமிர்ந்தது. தண்ணீர்க் கண்ணாடியைப் பார்ப்பேன். அப்புறம்? மறுபடி பார்ப்பேன். அப்புறம்? பார்ப்பேன். எப்போது நிறுத்துவாய்?

"நிறுத்தக் கூடாது டாக்டர். வெடிச்சிடும்."

யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். கோவிந்தனின் கண் தரைக்குப் போனது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இங்கயும் கீழ ஒண்ணு ஓடுது டாக்டர். ரொம்ப நேரமா கேக்குது. யாரும் பாக்கல. நீங்கல்லாம் வெளிய போயிருங்க. நான் பாத்துக்கிறேன். அந்த அக்காவையும் கூட்டிட்டுப் போங்க."

அவர் என்னைத்தான் காட்டினார். அந்தக் கட்டடத்தில் கீழே வண்டி நிறுத்துமிடம்தான் இருந்தது. சரோஜா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து, ஹருன் அண்ணன் பார்க்கிறாராம், உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி உட்கார வைத்தாள். பெரிய டாக்டர் அவளைப் பார்த்து, தினமும் இப்படித்தானா என்று கேட்டார். நல்ல நாளும் உண்டு டாக்டர் என்றாள் அவள். அதைச் சொன்னதற்காக வேனில் திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

கவிதா, நீ கேட்ட முறை இவ்வளவுதான். நோயின் பெயரைவிட முடியாத காரியங்களை எழுதச் சொல். பார்த்தவர் யார், பார்த்தது எப்போது என்று எழுது. முதல் மறுப்பு ஏன் வந்தது என்று தேடும்போது உன் மேசையையும் சேர்த்துத் தேடு. என் அரைப்பக்கத்துக்காகத் தலைமையகம் என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியது. வேலை தப்பியது. இதையும் சொல்லாவிட்டால் முழு உண்மை ஆகாது.

மேல்முறையீடு ஏற்கப்பட்ட கடிதம் வந்தபோது நானே பாலோவுக்குப் போனேன். மத்தியான நேரம். கோவிந்தன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார்.

"இதுல நான் வேலைக்குப் போக வேணாம்னு போட்டிருக்காங்களாக்கா?"

"ஆமாங்க."

"யாரு கையெழுத்து?"

பெரிய அதிகாரியின் கையெழுத்து என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பாயில் படுத்துக்கொண்டார். நானும் சரோஜாவும் கூடத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளிருந்து குழாய் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. சுவிட்ச் தட்டும் சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தோம். வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்கிப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று அவளுக்கே கணக்குத் தெரியவில்லை.

என் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் இரும்பு கேட். துருப்பிடித்தது, திறந்தால் தெருவுக்கே கேட்கும் என்றாள் சரோஜா. அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குறட்டை வந்துகொண்டிருந்தது.

"அடுத்த ரயில்ல போறேன்" என்று கிசுகிசுத்தேன்.

அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் கேட்டைத் திறக்காமல் அதன் இந்தப் பக்கமே நின்றோம். தூரத்தில் என் ரயில் வந்து நின்று புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது.